கிண்ணமும் மைதானமும்

1996ஆம் ஆண்டு மார்ச் மாதம் 17ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை இரவு, லாகூர் நகரத்துக் கடாபி விளையாட்டரங்கில், இலங்கைக் கிரிக்கெட் அணி அவுஸ்திரேலியாவை ஏழு விக்கெட்டுகளால் வென்று உலகக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. அந்த வெற்றியைப் பற்றிச் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எவ்வளவோ எழுதப்பட்டுவிட்டது. அரவிந்த டி சில்வாவின் துடுப்பாட்டமும், அர்ஜுன ரணதுங்கவின் தலைமையும், சனத் ஜயசூரியவின் துணிச்சலும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். அவற்றைத் திரும்பச் சொல்வது எமது நோக்கமன்று. அந்த இரவில் சப்ரகமுவ மாகாணத்தின் றப்பர் மலைகளுக்கிடையே, லயத்துக் காம்பராக்களில் வாழ்ந்த மக்களுக்கு அந்த வெற்றியில் என்ன பங்கு கிடைத்தது என்ற கேள்வியையே இங்கு எழுப்ப விரும்புகிறோம்.

விளையாட்டைப் பற்றி எழுதுவதற்கு இந்த ஏடுதானா கிடைத்தது என்று நண்பர்கள் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். கூலியும் வீடும், காணியும் கல்வியும் பேசப்படவேண்டிய பக்கங்களில் பந்துக்கும் மட்டைக்கும் என்ன வேலை என்று அவர்கள் கேட்பது நியாயமே. அவர்களுக்கு இரு மனிதர்களை விடையாகக் காட்டுவோம். ஒருவர், திரினிடாட் தீவில் 1901இல் பிறந்த மார்க்சிய அறிஞர் சி. எல். ஆர். ஜேம்ஸ். கிரிக்கெட்டைப் பற்றி 1963இல் அவர் வெளியிட்ட நூல், ஒரு விளையாட்டின் வழியாகக் குடியேற்ற ஆட்சியையும் நிறவெறியையும் வர்க்க ஏற்றத்தாழ்வையும் ஆராய்ந்த நூலாகும். மேற்கிந்தியத் தீவுகளின் அணியை வெள்ளையர் மட்டுமே தலைமை தாங்க வேண்டுமென்ற வழக்கத்தை எதிர்த்து அவர் எழுதினார். 1960இல் பிராங்க் வொரல் என்னும் கறுப்பின வீரர் ஒரு தொடர் முழுவதற்கும் தலைவராக நியமிக்கப்பட்டார். மற்றவர் எமது கேகாலை மாவட்டத்துக்கே உரியவர். 1936இல் றுவன்வெல்லையிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்றவரும், 1960 முதல் 1977 வரை எட்டியாந்தோட்டையின் பாராளுமன்றப் பிரதிநிதியாக இருந்தவருமான கலாநிதி என். எம். பெரேரா. லங்கா சமசமாஜக் கட்சியின் தலைவராகிய அவர், இலங்கைக் கிரிக்கெட் கட்டுப்பாட்டுச் சபையின் தலைவராகவும் பணியாற்றினார். வேலைநிறுத்தமும் கிரிக்கெட்டும் ஒரே மனிதனின் கவனத்துக்குரியனவாக இருக்கலாம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

கிரிக்கெட்டும் தோட்டமும் ஒரே ஆட்சியின் நிழலில் வளர்ந்தவை. கொழும்பில் வெள்ளையரின் கிரிக்கெட் கழகம் தோன்றியது 1832இல். லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டது 1867இல். தோட்டத் துரைமார் எங்கு குடியேறினார்களோ அங்கெல்லாம் பங்களாவும் கழகமும் மைதானமும் எழுந்தன. டிக்கோயாவின் தரவளையிலும் நானுஓயாவுக்கருகே ரதல்லையிலும் அமைந்த மைதானங்கள் இன்றுங்கூடக் கண்ணுக்கினியவை. சரிந்து கிடந்த மலையை வெட்டிச் சமன்செய்து, கல்பொறுக்கி, புல்நட்டு, உருளை இழுத்தவர்கள் யாவர் என்று கேட்டால், கொழுந்துக் கூடையையும் மண்வெட்டியையும் சுமந்த அதே மக்கள்தாம். மைதானத்தை உண்டாக்கியவனுக்கு மைதானத்துக்குள் இருந்த வேலை, எல்லைக்கோட்டைத் தாண்டிய பந்தைத் தேடி எடுத்து வருவது மட்டுமே.

ஆயினும் விளையாட்டை எவனும் கழகத்துக்குள் பூட்டிவைத்துவிட முடியாது. நாம் பிறந்து வளர்ந்த றப்பர்த் தோட்டத்தில் பந்து வாங்கக் காசில்லை; ஆனால் பந்து இருந்தது. பால்மரத்தின் வெட்டில் உறைந்து நூல்போல் ஒட்டிக்கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்து, சிறு கல்லையோ கந்தைத் துணியையோ நடுவில் வைத்து, இழுத்து இழுத்துச் சுற்றினால் நல்ல பந்தொன்று கிடைக்கும். அது நிலத்தில் பட்டு எழும்பும் உயரம் அதைச் சுற்றியவனுக்கே தெரியாது. தென்னை மட்டையைச் செதுக்கினால் துடுப்பு. பிரட்டுக் களமே மைதானம். இதில் ஒரு சங்கடம் உண்டு. ஒட்டுப்பாலும் தோட்டத்துச் சொத்து. பால்வெட்டும் தாய்மார் அதைச் சேர்த்து நிறுத்துக் கொடுக்க வேண்டும். நிறை குறைந்தால் கணக்கப்பிள்ளையின் வசவு விழும். எனவே நாம் விளையாடிய ஒவ்வொரு பந்தும் கம்பனியின் கணக்கில் ஒரு சிறு களவாகவே இருந்தது. எமது விளையாட்டு தொடங்கியதே சட்டத்துக்குப் புறம்பாகத்தான்.

சட்டத்துக்குப் புறம்பு என்ற இந்தச் சொல்லிலிருந்தே அந்த வெற்றிப் பருவத்தின் கதையும் தொடங்குகிறது. 1995 டிசம்பர் 26ஆம் திகதி, மெல்பேர்ண் மைதானத்தில், டரல் ஹெயர் என்ற நடுவர், முத்தையா முரளிதரன் என்ற 23 வயது இளைஞனின் பந்துவீச்சு முறையற்றது என்று மூன்று ஓவர்களுக்குள் ஏழு முறை அறிவித்தார். பல்லாயிரக்கணக்கான மக்கள் பார்த்திருக்க, அந்த இளைஞன் ஏதோ திருடிவிட்டவன்போல் நிறுத்தப்பட்டான். பத்து நாட்களுக்குப் பின்னர், 1996 ஜனவரி 5ஆம் திகதி, பிரிஸ்பேர்ணில் வேறொரு நடுவரும் அவ்வாறே செய்தார். அணியில் இருந்த ஒரே தமிழன் அவன். அவன் பாட்டனார் 1920ஆம் ஆண்டளவில் தமிழகத்திலிருந்து வந்து மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர்.

அணித்தலைவர் ரணதுங்க என்ன செய்தார்? அந்த இளைஞனைக் கைவிட்டிருந்தால் அவருக்குக் காரியம் எளிதாக முடிந்திருக்கும். உலகக் கிண்ணம் இரு மாதங்களில் வரவிருக்க, ஐயத்துக்குள்ளான ஒருவனைச் சுமப்பானேன் என்று கணக்குப் பார்க்கும் தலைவர்கள் உலகில் ஏராளம். அவர் அப்படிக் கணக்குப் பார்க்கவில்லை. கிரிக்கெட் சபையும் பின்வாங்கவில்லை. முரளிதரனின் முழங்கை பிறப்பிலேயே முழுமையாக நீட்ட முடியாதவாறு அமைந்தது என்பதும், பார்ப்பவர் கண்ணுக்கு எறிவதுபோல் தோன்றுவது மயக்கமே என்பதும் 1996இல் மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங்கிலும் நடத்தப்பட்ட ஆய்வுகளில் நிறுவப்பட்டன. அவனை நம்மவன் என்று ஏற்று உலகக் கிண்ணத்துக்கு அழைத்துச் சென்றார்கள். இதுவே அந்தப் பருவத்தின் முதல் வெற்றி என்பது எமது கருத்து.

நாடு அப்போது எந்நிலையில் இருந்தது? யாழ்ப்பாணத்து வலிகாமம் மக்கள் இலட்சக்கணக்கில் ஊரைவிட்டு வெளியேறிச் சில மாதங்களே ஆகியிருந்தன. 1996 ஜனவரி 31ஆம் திகதி கொழும்பில் மத்திய வங்கி குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டது. தொண்ணூறு பேருக்கு மேல் மாண்டனர். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்புக்கு வந்து விளையாட மறுத்தன. அந்த வேளையில் இந்திய, பாகிஸ்தானிய வீரர்கள் ஒரே அணியாகச் சேர்ந்து, பெப்ரவரி 13ஆம் திகதி கொழும்பில் இலங்கைக்கெதிராக விளையாடிச் சென்றனர். ஒருவரையொருவர் பகைவரென்று கருதும் இரு நாட்டவர் ஒரே சட்டையணிந்து மூன்றாம் நாட்டின் துயரத்தில் பங்குகொண்டது சிறிய செய்தியன்று. அதே நாட்களில் கொழும்புக் கடைகளிலும் உணவகங்களிலும் வேலைசெய்த தோட்டத்து இளைஞர்கள் வீதிச் சோதனைகளில் நிறுத்தப்பட்டனர். அடையாள அட்டை இல்லாதவன் பாடு சொல்லுந் தரமன்று. தோட்டத்திலோ அடையாள அட்டை இல்லாதவர்கள் பலர்.

இத்தகைய காலத்தில் அந்த அணி வென்றுகொண்டே சென்றது. மார்ச் 2ஆம் திகதி டில்லியில் இந்தியா குவித்த 271 ஓட்டங்களைத் துரத்திப் பிடித்தது. மார்ச் 6ஆம் திகதி கண்டியில் கென்யாவுக்கெதிராக 398 ஓட்டங்கள் எடுத்து அக்காலத்து உலக சாதனையைப் படைத்தது. மார்ச் 9ஆம் திகதி பைசலாபாத்தில், கிரிக்கெட்டைப் பெற்றெடுத்த இங்கிலாந்தை, ஜயசூரிய 44 பந்துகளில் எடுத்த 82 ஓட்டங்களால் வீழ்த்தியது. ஆளவந்தவனுக்கு அவன் கற்றுக்கொடுத்த பாடத்தையே திருப்பிச் சொல்லிக்கொடுத்த நாள் அது. அடுத்து மார்ச் 13ஆம் திகதி, கல்கத்தாவின் ஈடன் தோட்டத்தில், அரையிறுதி ஆட்டம். எதிரணி இந்தியா.

இந்த இடத்தில் சப்ரகமுவத் தமிழரின் நிலையை வாசகர்களுக்குச் சிறிது விளக்க வேண்டும். நுவரெலியாவில் தோட்டத் தமிழன் தன் இனத்தவர் சூழ வாழ்கிறான். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் அப்படியன்று. இங்கு ஒவ்வொரு தோட்டமும் சிங்களக் கிராமங்களுக்கிடையே ஒரு சிறு தீவு. தெரணியகலையிலும் எட்டியாந்தோட்டையிலும் பலாங்கொடையிலும் இறக்குவானையிலும் லயத்துக்கும் கிராமத்துக்கும் இடையில் ஓர் ஓடையோ ஒரு வேலியோதான் இருக்கும். நல்ல காலத்தில் இதைப்போல் இன்பமான அயல் வேறில்லை. பலாக்காயும் வரும்; பாற்சோறும் வரும்; பொங்கலும் போகும். கெட்ட காலத்திலோ ஓடிப்போக இடமில்லை. 1977இலும் 1983இலும் நாடு முழுவதும் எரிந்தபோது இங்கும் எரிந்தது. இரண்டுக்கும் இடையில் 1981 ஆகஸ்டில், இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானை, பலாங்கொடைப் பகுதித் தோட்டங்களில் லயங்களுக்குத் தீவைத்தார்கள். மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஒளிந்தார்கள். பலர் ஊரைவிட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனார்கள்; போனவர்களைப் போர் அங்கும் தேடிவந்தது.

ஆகவே இந்தியாவும் இலங்கையும் மோதும் ஆட்டம் எமது லயத்துக்கு விளையாட்டாக இருக்கவில்லை. அது ஒரு விசாரணையாக இருந்தது. எமக்கு அப்போது எட்டு வயது. ஐந்தாவது காம்பராவில், டவுனில் மின்னேற்றிவந்த கார் பற்றரியில் ஓடிய கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் லயமே கூடியிருந்தது. முதல் ஓவரிலேயே ஜயசூரியவும் களுவிதாரணவும் ஆட்டமிழந்தனர். பிள்ளைகள் சிலர் 'ஐயோ' என்றனர். வேறு சிலர் சிரித்தனர். லயத்தின் மூத்தவரும், நாமெல்லாம் பெரியப்பா என்று அழைத்தவருமான ஒருவர் எழுந்து கதவைச் சாத்தினார். 1981இல் மூன்று இரவுகள் காட்டில் கிடந்தவர் அவர்.

"பிள்ளைகளா, யாரு அடிச்சாலும் சத்தம் போடாதீங்க. இந்தியாவுக்குக் கை தட்டினா 'அங்கேயே போ'ம்பாங்க. சிலோனுக்குக் கை தட்டினா 'நடிக்கிறான்'ம்பாங்க. வாயை மூடிக்கிட்டுப் பாருங்க."

பார்த்தோம். டி சில்வா 47 பந்துகளில் 66 ஓட்டங்கள் எடுத்ததை வாய்மூடிப் பார்த்தோம். இந்திய அணி 98 ஓட்டங்களுக்கு ஒரு விக்கெட் என்றிருந்து, டெண்டுல்கர் வீழ்ந்ததும் சீட்டுக்கட்டாகச் சரிந்து, 120க்கு 8 விக்கெட் என்று ஆனதையும் வாய்மூடியே பார்த்தோம். அரங்கத்து மக்கள் போத்தல்களை எறிந்தார்கள். இருக்கைகளில் தீ மூண்டது. ஆட்டம் நிறுத்தப்பட்டு இலங்கைக்கு வெற்றி வழங்கப்பட்டது. திரையில் நெருப்பைக் கண்டதும் பெரியப்பா பெட்டியை அணைக்கச் சொன்னார். கிராமத்துப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டது. அது மகிழ்ச்சியின் வெடி என்று தெரிந்தும் பெண்கள் பிள்ளைகளை உள்ளே அழைத்தார்கள். ஒரு சமூகத்துக்குப் பட்டாசுச் சத்தமும் பயங்கரமாகக் கேட்பதற்கு என்னென்ன நடந்திருக்க வேண்டும் என்பதை வரலாறு படிக்கும் மாணவர்கள் எண்ணிப்பார்க்கட்டும்.

நான்கு நாட்களின் பின் இறுதி ஆட்டம். அன்று பற்றரி தீர்ந்துபோயிற்று. பையன்கள் நாம் ஓடையைத் தாண்டிக் கிராமத்து முதலாளியின் கடைக்குப் போனோம். அறுவடை முடிந்த வயலில் எம்முடன் பந்தடிக்கும் சிங்களப் பையன்கள் எம்மை முன்வரிசையில் பாய்மீது இருத்தினார்கள். அவுஸ்திரேலியர் நன்றாகவே தொடங்கினர். ஒரு விக்கெட் இழப்புக்கு 137 ஓட்டங்கள் வரை எடுத்தனர். அப்பால் சுழற்பந்து வீச்சாளர்கள் அவர்களைக் கட்டிப்போட்டார்கள். முரளிதரன் 10 ஓவர்களில் 31 ஓட்டங்கள் மட்டுமே கொடுத்தான். அவனுடைய பந்தில் ஷேன் வோர்ன் ஏமாந்து ஸ்டம்ப் செய்யப்பட்டபோது, கடையின் மூலையிலிருந்து ஒரு கிழவர் தொடையைத் தட்டி "அப்பே முரளி!" என்று கூவினார். எங்கள் முரளி என்பது அதன் பொருள். கடை முழுவதும் அதையே திருப்பிக் கூவியது. டி சில்வா ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்கள் எடுத்து, ரணதுங்க துணைநிற்க, 242 என்ற இலக்கை 46.2 ஓவர்களில் எட்டியபோது கடைக்குள் யார் சிங்களவன், யார் தமிழன் என்று பிரித்தறிய வழியிருக்கவில்லை. திரும்பிப் பார்த்தோம். வாசற்படிக்கு வெளியே, பாதி இருளில், பெரியப்பா நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தாரோ தெரியவில்லை. கை தட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பே" என்ற அந்த ஒரு சொல்லுக்காகவே எமது மக்கள் பல்லாண்டுகள் காத்திருந்தார்கள். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அச்சொல்லை எமக்கு மறுத்தது. அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. 1947 தேர்தலில் ஏழு உறுப்பினரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், 1952 தேர்தலில் வாய்பேசா உயிர்களாயினர். 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைத்தது. ஆட்டுமந்தையைப் பிரிப்பதுபோல் மக்களைப் பிரித்த அந்த ஒப்பந்தம் கைச்சாத்தாகியபோது, 1948இல் எமக்காகக் குரல்கொடுத்த சமசமாஜக் கட்சி அதே அரசாங்கத்தில் அங்கம் வகித்தது என்பதை இடதுசாரிகளாகிய நாம் மறந்துவிடலாகாது. நாடற்றவர் என்ற நிலை சட்டப்படி முற்றாக நீங்குவதற்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. கிண்ணம் வென்று ஏழு ஆண்டுகள் கழிந்தபின்னர்!

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முரளிதரனின் கை முறையானதுதானா என்று நிரூபிக்கும்படி அந்நியன் கேட்டான். நாடு ஒரே குரலில், அவன் எம்மவன் என்றது. 1999 ஜனவரியில் அடிலெய்ட் மைதானத்தில் இங்கிலாந்துக்கெதிரான ஆட்டத்தில் நடுவர் மீண்டும் கை உயர்த்தியபோது, ரணதுங்க தம் அணியினர் அனைவரையும் எல்லைக்கோடு வரை அழைத்துச் சென்று ஆட்டத்தையே நிறுத்தினார். அந்த ஆட்டத்தையும் இலங்கை ஒரு விக்கெட்டால் வென்றது. பின்னர் நடந்தது இன்னும் பெரிது. பந்துவீச்சாளர் பெரும்பாலோரின் முழங்கையும் ஓரளவு நீளவே செய்கிறது என்று ஆய்வுகள் காட்டின. 2005இல், 15 பாகை வரை நீளலாம் என்று விதியே திருத்தப்பட்டது. விதியின் முன் மனிதனை நிறுத்தினார்கள். முடிவில் மனிதனுக்கேற்ப விதி திருந்தியது. துணைநிற்க ஒரு கூட்டம் இருந்தால் இது நடக்கும்.

தோட்டத் தொழிலாளரும் இவ்வாறே நிரூபிக்கும்படி கேட்கப்பட்டனர். நீ இங்கு பிறந்தாயா, உன் தகப்பன் இங்கு பிறந்தானா, கடதாசி எங்கே என்று அரை நூற்றாண்டுக்கு மேல் கேட்டார்கள். நூறாண்டுக்கு மேலாக இந்த மண்ணில் உழைத்து, அதிலேயே புதைக்கப்பட்ட மக்கள் தம் பிறப்பை நிரூபிக்க அலைந்தார்கள். எல்லைக்கோடு வரை அவர்களை அழைத்துச் சென்று, இவர்களுக்கு நியாயம் கிடைக்கும்வரை ஆட்டம் நடவாது என்று சொல்ல, இரு மொழியும் பேசும் ஒரு பேரணி எழவில்லை. ஒரு தமிழனின் முழங்கைக்காக எழுந்த நாடு, இலட்சக்கணக்கான தமிழரின் வாழ்வுரிமைக்காக எழவில்லை. முதலாவதைச் செய்ய முடிந்த மக்களால் இரண்டாவதையும் செய்ய முடியும் என்பதுதான் அந்தப் பருவம் எமக்குத் தரும் நம்பிக்கை. செய்யவில்லை என்பதுதான் அது எமக்குத் தரும் வேதனை.

இது எமது நாட்டுக்கு மட்டும் உரிய முரண்பாடன்று. அமெரிக்காவில் கிரிக்கெட்டைப்போல் மக்கள் கொண்டாடும் ஆட்டம் பேஸ்போல். அதன் பெரிய அணிகளில் கறுப்பினத்தவருக்கு நெடுங்காலம் இடமிருக்கவில்லை. 1947 ஏப்ரல் 15ஆம் திகதி, ஜாக்கி ரொபின்சன் என்ற கறுப்பின வீரர் புரூக்ளின் டொட்ஜர்ஸ் அணிக்காகக் களமிறங்கி அந்தச் சுவரைத் தகர்த்தார். 1955 ஒக்டோபரில் அந்த அணி முதன்முறையாக நாட்டின் வெற்றிக்கிண்ணத்தைத் தனதாக்கியது. வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து வீதிகளில் ஆடினர். இரண்டே மாதங்களில், டிசம்பர் 1ஆம் திகதி, அதே நாட்டின் மொன்ட்கொமரி நகரில், ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினத் தையற்காரி பேருந்தில் வெள்ளையனுக்கு இருக்கையை விட்டுக்கொடுக்க மறுத்ததற்காகக் கைதுசெய்யப்பட்டார். கறுப்பினத்தவனின் ஆட்டத்துக்கு ஆரவாரித்த நாட்டில் கறுப்பினத்தவளுக்கு ஓர் இருக்கை இல்லை. அந்த இருக்கையைக் கிண்ணம் பெற்றுத்தரவில்லை. ஓராண்டுக்கு மேலாகப் பேருந்தில் ஏறாமல் நடந்தே வேலைக்குச் சென்ற உழைக்கும் மக்களின் கால்கள்தாம் பெற்றுத்தந்தன.

எமது தோட்டத்திலும் கிண்ணம் எதையும் மாற்றிவிடவில்லை. இறுதி ஆட்டத்தின் மறுநாள் திங்கட்கிழமை. விடியுமுன் பிரட்டுக்குக் கொம்பூதினார்கள். இரவெல்லாம் விழித்திருந்த தாய்மார் வாளியும் கத்தியும் எடுத்துக்கொண்டு மலைக்குப் போனார்கள். 1992இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பனிகளின் கைக்குப் போயிருந்த காலம் அது. உலகக் கிண்ணத்துக்கே வில்ஸ் சிகரெட்டின் பெயரைச் சூட்டியிருந்தார்கள்; கோடி கோடியாகப் பணம் புழங்கியது. அந்தப் பணத்தின் வாடைகூட லயத்துப் பக்கம் வரவில்லை. நாட்கூலி ஆயிரம் ரூபாயை எட்டுவதற்கு எமது மக்கள் 2021 வரை போராட வேண்டியிருந்தது. எட்டியபோது விலைவாசி அதனை விழுங்கிவிட்டிருந்தது.

இன்று நாம் அதே மாவட்டத்தில் ஒரு பாடசாலையில் தமிழ் கற்பிக்கிறோம். பதினோராந் தரத்தில் விளையாட்டு வீரர் ஒருவரைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்ன நாளில், பால்வெட்டும் தாயொருத்தியின் மகன் எழுந்து கேட்டான்.

"சேர், முரளிதரன் நம்ம ஆளுன்னு எல்லாரும் சொல்றாங்களே. அவர் எந்த லயத்துல இருந்தாரு?"

அவர் எந்த லயத்திலும் இருக்கவில்லை என்று சொன்னோம். பாட்டனார் தோட்டத்துக்கு வந்தவர். தகப்பனார் கண்டியில் பிஸ்கட் தொழில் நடத்தியவர். மகன் கட்டுகாஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியில் படித்தவர். அக்கல்லூரிக்குப் பரந்த மைதானம் இருந்தது; பயிற்சியாளர் இருந்தார்; தோற்பந்து இருந்தது. அவருடைய திறமையும் உழைப்பும் அவருக்கே உரியவை. டெஸ்ட் ஆட்டங்களில் 800 விக்கெட்டுகள் என்ற சாதனையை 2010 ஜூலையில் காலியில் நிறைவுசெய்தாரே, அதை எவரும் அவருக்குத் தானமாகக் கொடுக்கவில்லை. அவர் பின்னாளில் எடுத்த அரசியல் நிலைப்பாடுகள் தமிழரிடையே கடும் எதிர்ப்பைத் தேடித்தந்தன. 2020இல் அவருடைய வாழ்க்கைத் திரைப்படத்திலிருந்து நடிகர் விஜய் சேதுபதி விலகுமளவுக்கு அது வளர்ந்தது. அந்த எதிர்ப்பில் நியாயமும் உண்டு. ஆனால் மாணவனின் கேள்வி அதைப் பற்றியதன்று. லயத்திலிருந்தே ஒருவன் அந்த இடத்துக்குப் போக முடியுமா என்பதையே அவன் அறிய விரும்பினான்.

கேட்டவன் சாதாரணப் பையனல்லன். சுழற்பந்து வீசுவான். ஒட்டுப்பால் பந்தையே இரு பக்கமும் திருப்பும் விரல்கள் அவனுக்கு. எமது பாடசாலைக்கு முன்னாலுள்ள இடம் கைப்பந்து ஆடவும் போதாது, மலைச்சரிவில் மண்வெட்டிச் சமன்செய்யக் காணி வேண்டும், காணி தோட்டத்துக்குரியது. தோற்பந்து ஆடும் பாடசாலை டவுனில் இருக்கிறது. மாலைப் பயிற்சி முடிந்து திரும்பப் பஸ் இல்லை. காலணியும் காலுறையும் மட்டையும் வாங்க அவன் தாயின் மாதச் சம்பளம் முழுவதும் வேண்டும். சாதாரண தரப் பரீட்சை முடிந்தவுடன் அவன் கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போய்விட்டான். அவன் முரளிதரன் ஆகியிருப்பான் என்று நாம் சொல்லவில்லை. ஆகியிருப்பானா மாட்டானா என்று அறிந்துகொள்ளும் வாய்ப்பே இந்த நாட்டுக்கு இல்லாமற் போயிற்று என்றுதான் சொல்கிறோம். எத்தனை லயங்களில் எத்தனை கைகள் இப்படிக் கடைச் சிப்பங்களைத் தூக்கிக்கொண்டிருக்கின்றன!

ஆதலால் ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவத் தோழர்களுக்கும் ஒன்று கூற விரும்புகிறோம். 1996இன் கிண்ணத்தை எமது பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், பெருமையோடு சொல்லுங்கள். ஆனால் அதை வெறும் பழங்கதையாகச் சொல்லாதீர்கள். ஒரு மனிதனுக்காக ஓர் அணி முழுவதும் எல்லைக்கோடு வரை நடந்தது என்பதைச் சொல்லுங்கள். வீட்டுக்குக் காணி கேட்கும் மனுக்களில், பாடசாலைக்கு ஆய்வுகூடம் கேட்கும் மனுக்களில், விளையாட ஒரு சமநிலமும் வேண்டுமென்று ஒரு வரி சேருங்கள். அதை ஆடம்பரம் என்று எவரும் சொன்னால், தரவளையையும் ரதல்லையையும் காட்டுங்கள். மலையை வெட்டி மைதானமாக்கத் தெரிந்த மக்கள் நாம். எமது பிள்ளைகளுக்காக வெட்ட மட்டும் எமக்கு அனுமதி கிடைக்கவில்லை. அந்த மனுவைச் சிங்களத்திலும் எழுதி, ஓடைக்கு அப்பாலுள்ள கிராமத்துப் பாடசாலை ஆசிரியரிடமும் கையெழுத்து வாங்குங்கள். அவருடைய மாணவர்களும் அறுவடை முடிந்த வயலில்தான் விளையாடுகிறார்கள்.